நிலத்தின் நடுவே தீவுகள்

நான்கு புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதியே தீவு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கடல் கண்ணுக்கெட்டாத புதுக்கோட்டை மாவட்டம் அரிமளம் வட்டாரத்திலும் ஒருவகைத் தீவுகள் உண்டு. அய்யனார் கோயில்களைச் சுற்றியுள்ள கோயில் காடுகளே அவை. வயல்களும் ஊர்களும் தைலமரக் காடுகளும் கடல்போல் சூழ்ந்திருக்க, பழைய காட்டின் எச்சம் பச்சைத் திட்டாக நிற்கிறது.

இது 'உலர் பசுமைமாறாக் காடு' எனப்படும். வீரை, காயா, உலக்கைப்பாலை போன்றவை இதற்குரிய மரங்கள். இவற்றின் தடித்த இலைகள் நீரிழப்பைக் குறைப்பதால், கோடையிலும் காடு பசுமையாக இருக்கிறது.

அரிவாள் படாமல் காத்தால் மட்டும் போதுமா? 1967-இல் மக்ஆர்தர், வில்சன் என்னும் அறிவியலார் தீவுகளைப் பற்றி ஒரு கொள்கையை விளக்கினர். தீவு சிறிதானால் அங்குள்ள இனங்கள் விரைவில் அழியும். தொலைவிலிருந்தால் புதியவை வந்து சேர்வது அரிது.

இதற்குப் பனாமா நாட்டில் சான்று கிடைத்தது. 1914-இல் கால்வாய்க்காக ஆற்றைத் தேக்கியபோது, பாரோ கொலராடோ என்ற குன்று ஏரி நடுவே தீவாயிற்று. 1923 முதல் அது பாதுகாக்கப்பட்டு வருகிறது. எனினும் காட்டுப் பறவையினங்கள் பல அங்கே மறைந்துவிட்டன. காட்டு நிழலிலேயே வாழும் சில பறவைகளால் 100 மீட்டர் அகல நீர்ப்பரப்பைக்கூடப் பறந்து கடக்க முடியவில்லை என்பது பின்னர் சோதனையில் தெரியவந்தது. வேலி இருந்தது, பாலம் இல்லை!

நம் கோயில் காடுகளுக்குப் பாலம் எது? பாலை, நாவல், வீரை ஆகியவற்றின் கனிகளை உண்ணும் கொண்டைக்குருவி, வௌவால், மரநாய் முதலியனவே. அவை எச்சத்தோடு விதைகளை அடுத்த காட்டுக்குக் கொண்டு செல்கின்றன. இடையில் அவை தங்கவும் உண்ணவும் மரங்கள் வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைலமரத்தில் அவை உண்ணத்தக்க சதைக்கனி இல்லை. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974-இல் தொடங்கப்பட்டபின் இம்மாவட்டத்தில் தைலமரம் பரந்த அளவில் வளர்க்கப்பட்டது. காகித ஆலைக்கு அது பயன்படும். பசித்த பறவைக்குப் பயன்படாது.

ஆகவே, கோயிலைப் புதுப்பிக்கும்போது புதர்களை அழித்துத் தரையைச் சிமெண்டால் மூடிவிடாதீர்கள். இளங்கன்றுகள் அப்புதர் நிழலில்தான் வளர்கின்றன. ஊரார் இசைவுடன் உதிர்ந்த பழங்களிலிருந்து விதை எடுத்து நாற்று வளர்த்து, கண்மாய்க் கரையிலும் பள்ளியிலும் வயலோரத்திலும் நடுங்கள். இரு காடுகளுக்கிடையே நீங்கள் நடும் ஒவ்வொரு நாவலும் பாலையும் அந்தப் பாலத்தின் ஒரு தூண்.