இளம் வணிகர்களும் உபகாரச் சம்பளமும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து கல்லூரி திறக்கும் நாள் வரையுள்ள சில வாரங்கள் நம் அங்கத்தினர்களின் இல்லங்களில் எத்தகைய வாரங்கள் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. தாலிக்கொடி அடகுக்குப் போகும். வளர்த்த ஆடு சந்தைக்குப் போகும். அத்தகைய நாளொன்றில் மருங்காபுரிப் பக்கத்து அங்கத்தினர் ஒருவர் சங்கத்திற்கு வந்தார். சிறிது மானாவாரி நிலமும் சில புளிய மரங்களும் உடையவர். பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லவிருக்கும் மகளையும் உடன் அழைத்து வந்திருந்தார்.

"ஐயா, தில்லியிலே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வியாபாரம் பண்ணப் பணம் கொடுத்து, அதிலே ஜெயிச்சவங்களுக்குக் காலேஜிலே இடமும் கொடுத்தாங்களாமே. நம்ம பக்கம் அப்படி ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

கேள்வி நல்ல கேள்வி. விடையை அவருக்கு மட்டும் கூறி நிறுத்திவிடாமல், அங்கத்தினர் அனைவரும் அறியுமாறு இங்கு எழுதுகிறோம்.

தில்லி அரசு 2019ஆம் ஆண்டில் தன் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளுக்குத் தொழில் முனைவு மனப்பான்மைப் பாடம் ஒன்றைத் தொடங்கியது. முதலில் கிச்சிரிப்பூரில் உள்ள ஒரு பள்ளியில் சிலருக்குத் தலைக்கு 1,000 ரூபாய் முதல் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2021 செப்டம்பரில், 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்னும் பெயரில், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் அது விரிவாக்கப்பட்டது. முதலும் தலைக்கு 2,000 ரூபாயாக உயர்ந்தது. மாணவர்கள் குழுவாகச் சேர வேண்டும். ஒரு தொழிலைத் தாமே எண்ணித் தேர்ந்து நடத்த வேண்டும். பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வரும் இலாபமும் அவர்களுக்கே. ஏறத்தாழ 3 இலட்சம் மாணவர்கள் இதில் ஈடுபட்டனர்; அவர்கள் முன்வைத்த தொழில் யோசனைகள் 51,000 அளவில் இருந்தன; அரசு ஒதுக்கிய தொகை 60 கோடி ரூபாய். சாக்கலேட்டு செய்தவர்கள் உண்டு, ஒலிபெருக்கிப் பெட்டி செய்தவர்கள் உண்டு, கைவினைப் பொருள் விற்றவர்கள் உண்டு. இறுதியில் 126 குழுக்கள் பொறுக்கப்பட்டு, 2022 மார்ச்சில் தியாகராஜ் விளையாட்டரங்கில் முதலீட்டாளர்கள் முன் நிறுத்தப்பட்டன. முன்னணிக் குழுக்களின் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டப் படிப்பில் நேரடி இடம் உண்டு என்பதும் அறிவிக்கப்பட்டது. நம் அங்கத்தினரின் செவிக்கு எட்டியது இந்த அறிவிப்பே. 2025இல் ஆட்சி மாறிய பின் அங்கு இத்திட்டத்தின் இடத்திற்கு 'நீவ்' என்ற வேறு திட்டம் வந்தது.

இத்திட்டத்தில் நம் மனத்தைக் கவர்ந்த பகுதி ஒன்று. உறுத்திய பகுதி ஒன்று.

கவர்ந்தது குழு. ஒரு பிள்ளையின் 2,000 ரூபாய் எதற்கும் போதாது. ஐந்து பேர் சேர்ந்தால் 10,000. இது நமக்குப் பழகிய கணக்கு அன்றோ! 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 28 பேர், அவர்களுள் நெசவாளர் பலர், வாரந்தோறும் சில காசுகளாகத் தலைக்கு ஒரு பவுன் சேர்த்து, 28 பவுன் மூலதனத்தில் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் வைத்துக் கடை திறந்த வரலாற்றை அறியாத கூட்டுறவாளர் இலர். கூட்டுறவு என்ற சொல்லைச் சொல்லாமலே தில்லிப் பிள்ளைகளுக்கு அதன் அரிச்சுவடி கற்பிக்கப்பட்டது என்று கூறலாம்.

உறுத்தியது கல்லூரி இடம். 51,000 யோசனைகளுள் 126 என்றால் ஏறத்தாழ நானூற்றுக்கு ஒன்று. அந்த 126க்குள்ளும் முன் வரிசைக்கே இடம். வணிகம் கற்றுக் கொடுப்பதற்குப் போட்டி வைப்பது ஒன்று. கல்லூரிக் கதவின் சாவியைப் போட்டியில் கட்டித் தொங்கவிடுவது வேறொன்று. சரக்கு விற்காமல் போனதற்கு மழை காரணமாயிருக்கலாம், விலை வீழ்ச்சி காரணமாயிருக்கலாம். நிலக்கடலை பயிரிடுவோருக்கு இதைச் சொல்லியா தெரிய வேண்டும்? இடம் கிடைத்த பிள்ளைகளை நாம் குறை கூறவில்லை. அவர்கள் பாராட்டுக்குரியவர்களே.

நம் மாநிலத்தில் நிலைமை வேறு. தமிழ்நாடு தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், யூனிசெப் துணையுடன், பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம் என்ற ஒன்றை நடத்தி, நல்ல யோசனைகளுக்குப் பரிசளித்து வந்திருக்கிறது. அங்கே பரிசு யோசனைக்கு, விற்பனைக்கன்று. திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் கரிப்பெட்டியால் துணி தேய்ப்பவரைக் கண்டு, வெயிலின் ஆற்றலால் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்து 2020இல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு பெற்றதும் அந்த வகையே. கல்லூரிச் செலவுக்கோ தமிழ்நாடு அரசு வேறு வழி கண்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கு அதே தொகை வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. யாரையும் யாரும் வெல்ல வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் கேட்ட அந்த மாணவி, "அப்போ நாங்க வியாபாரம் பண்ணிப் பார்க்கவே கூடாதா?" என்று கேட்டாள். கூடாதென்று யார் சொன்னது? உடனே அங்கேயே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். எண்கள் எடுத்துக்காட்டுக்கே, சந்தை விலை நாளுக்கு நாள் மாறுவது.

ஐந்து பிள்ளைகள், கையில் 10,000 ரூபாய். ஓட்டுடன் கூடிய புளி 100 கிலோவைக் கிலோ 50 ரூபாய் வீதம் 5,000 ரூபாய்க்கு வாங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஓடும் நாரும் கொட்டையும் நீக்கினால் ஏறத்தாழ 55 கிலோ சதை நிற்கும். கொட்டை 34 கிலோ இருக்கும். பைக்கும் வண்டிச் சத்தத்திற்கும் 800 ரூபாய். சதையைக் கிலோ 120 ரூபாய் வீதம் துவரங்குறிச்சியிலும் மணப்பாறையிலும் விற்றால் 6,600 ரூபாய். கொட்டையை எறிந்துவிட வேண்டா. புளியங்கொட்டைப் பருப்பின் மாவு பருத்தி நூற்பாவுக்குக் கஞ்சியிடப் பயன்படுவது. நம் நெசவு அங்கத்தினர்கள் அறிவார்கள். உழவர் எறிவதை நெசவாளர் வாங்கும் இடம் அது. கிலோ 10 ரூபாய் என்றாலும் 340 ரூபாய். மொத்த வரவு 6,940, செலவு 5,800, மிச்சம் 1,140 ரூபாய். ஆளுக்கு 228.

மாணவியின் முகம் மலர்ந்தது. தந்தையும் தலையசைத்தார். நாம் அப்போதுதான் கேட்டோம்: "புளியை உடைத்துக் கொட்டை எடுத்தது யார்?"

"நாங்க அஞ்சு பேரும்தான். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை."

ஐவர், இரு நாள். பத்து ஆள் வேலை. நாளுக்கு 300 ரூபாய் கூலி என்று எழுதினால் 3,000 ரூபாய். மிச்சம் என்று மகிழ்ந்த 1,140 போய், 1,860 ரூபாய் நட்டம் நிற்கிறது. வீட்டுப் பெண்கள் கை கொடுத்திருந்தால் நட்டம் இன்னும் கூடும். ஆனால் எந்தத் தாளிலும் தெரியாது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று பேச விரும்புகிறோம். கைத்தறி வீட்டில் தார் சுற்றும் மனைவியின் கூலியும், பாவு புனைய வரும் முதியவரின் கூலியும் எந்தப் பேரேட்டில் ஏறியிருக்கின்றன? சேலை விற்ற பணத்தில் நூல் விலையைக் கழித்துவிட்டு மீதியை இலாபம் என்று நாமே பலகாலம் அழைத்து வந்திருக்கிறோம். காட்டில் களை எடுத்த தாய்க்கு அந்தக் கடலைக் கணக்கில் இடமில்லை. இலாபத்தைக் கொண்டு வெற்றி தோல்வியை அளக்கும் போட்டியில், தன் வீட்டாரின் உழைப்பைக் கணக்கில் எழுதாத குழுவே முந்தி நிற்கும். நேர்மையாக எழுதிய குழு பின்னால் நிற்கும். அதற்குக் கல்லூரி இடமும் பரிசாக வைத்தால், பிள்ளை மட்டுமன்றிக் குடும்பமே இரவில் விழித்துப் புளி உடைக்கும். 14 வயது நிரம்பாதவரைக் குடும்பத் தொழிலிலன்றி வேலைக்கு வைக்கக் கூடாது, அதுவும் பள்ளி நேரத்திற்குப் பின்னரே என்று 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. சட்டம் தடுக்காத வயதிலும், தேர்வு ஆண்டில் உறக்கம் கெட்டால் மதிப்பெண் கெடும் என்பதற்குச் சட்டம் தேவையில்லை.

ஆகவே நம் சங்கம் செய்யக்கூடியது யாது? கடன் கொடுக்கலாமே என்று சில நிர்வாகிகள் எண்ணக்கூடும். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பத்திரத்தில் தந்தை கையெழுத்திட்டால், பிள்ளை கற்றுக் கொண்ட பாடத்திற்குத் தந்தை தவணை கட்டுவார். அது வேண்டா. 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி நிகர இலாபத்திலிருந்து நாம் செலுத்தும் கூட்டுறவுக் கல்வி நிதியோ கூட்டுறவுக் கல்விக்கும் பயிற்சிக்கும் உரியது. உறுப்பினர் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை அதிலிருந்து எதிர்பார்க்க இயலாது. பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகை சங்கத்தில் இருக்குமாயின், அதில் ஒரு சிறு பகுதியைப் பேரவையின் ஒப்புதலுடன் இரண்டாகப் பிரிக்கலாம் என்பது நம் எண்ணம். ஒரு பகுதி, பள்ளிப் பிள்ளைகளின் குழுக்களுக்குத் தொழில் பழகும் முதலாக. நட்டம் வந்தாலும் கேட்கப்படாத முதலாக. கேட்கப்படுவது கணக்குப் புத்தகம் ஒன்றே. அதில் கூலி என்ற பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். மற்றப் பகுதி உபகாரச் சம்பளம். அது தேவை கண்டு வழங்கப்பட வேண்டுவது. வியாபாரத்தில் தோற்ற பிள்ளைக்கும் அது உண்டு. வியாபாரமே செய்யாத பிள்ளைக்கும் உண்டு. ராக்டேல் நெசவாளர்கள் பிற்காலத்தில் தம் மிச்சத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கு ஒதுக்கி நூலகமும் வகுப்பும் நடத்தினார்கள். யார் அதிகம் விற்றார் என்று கேட்டு நூலகத்துக்குள் விட்டதாக நாம் படித்ததில்லை.

இத்தீர்மானம் பேரவையில் நிறைவேறுமா என்பதை நாம் அறியோம். அங்கத்தினர்களுக்குப் பிரிக்கும் ஈவு குறையும் என்று மறுப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் கூறுவதிலும் நியாயம் உண்டு. தறி ஓடாத மாதங்களில் ஐம்பது ரூபாய் ஈவும் பெரிதே. கூட்டத்திற்கு வந்து பேசுமாறு இருசாராரையும் கேட்டுக் கொள்கிறோம்.

புளிக் கணக்கு எழுதிய தாளை அந்த மாணவி மடித்து எடுத்துச் சென்றாள். இரு வாரம் கழித்து அவள் தந்தை உர மூட்டைக்காக வந்தபோது அதைத் திருப்பித் தந்தார். நாம் விட்ட வரி ஒன்றை அவள் சேர்த்திருந்தாள்: "அம்மா, ஒன்றரை நாள், 450 ரூபாய்." அதன் கீழே கூட்டல் திருத்தப்பட்டு, நட்டம் 2,310 ரூபாய் என்று இருமுறை கோடிடப்பட்டிருந்தது. "அடுத்த தடவை புளியை இன்னும் விலை குறையறப்போ வாங்கணுமாம்" என்றார் தந்தை.