மாதவிலக்கு தள்ளிப் போகிறதா?

பெண் வயதுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப் போகிறது. முகத்தில் பரு. தாடையில் முடி. உடம்பும் பெருக்கிறது.

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்கிறார் பாட்டி. வெளியே தெரிந்தால் வரன் வராது என்று தாய் மறைக்கிறாள். இரண்டும் தவறு. கல்யாணம் மருந்து ஆகாது. மறைத்தால் நோய் போகாது.

இது என்ன நோய்?

இது சினைப்பை நீர்க்கட்டி நோயாக இருக்கலாம். டாக்டர்கள் பி.சி.ஓ.எஸ். என்பார்கள். இது பலருக்கும் உள்ளது. மும்பையில் 15 முதல் 24 வயது வரை உள்ள 600 பெண்களைப் பரிசோதித்தார்கள். அதன் முடிவு 2014இல் வெளிவந்தது. ஒரு முறைப்படி கணக்கிட்டால் 100 பேரில் 22 பேருக்கு இது இருந்தது. இன்னொரு முறைப்படி சுமார் 11 பேருக்கு இருந்தது.

கருப்பையின் இரண்டு பக்கமும் சினைப்பைகள் உள்ளன. மாதம் ஒரு முட்டை அங்கே முதிர்ந்து வெளிவரும். இந்த நோயில் முட்டைகள் பாதி வளர்ந்து நின்றுவிடும். ஸ்கேனில் அவை நீர்க்குமிழி போலத் தெரியும். இவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. பயம் வேண்டாம்.

ஏன் வருகிறது?

நம் உடம்பில் இன்சுலின் என்ற சுரப்பு உள்ளது. உணவிலிருந்து வரும் சர்க்கரையை உடம்பு பயன்படுத்த அது உதவும். இந்த நோய் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதனால் உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அதிக இன்சுலின் சினைப்பையைக் கெடுக்கும். முட்டை முதிராது. மாதவிலக்கு தள்ளிப் போகும்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் இது வரக்கூடும். ஒல்லியான பெண்ணுக்கும் வரும். இது அவள் செய்த குற்றம் அல்ல. "தின்று தின்று பெருத்துவிட்டாய்" என்று ஏசாதீர்கள்.

என்ன சாப்பிடலாம்?

பட்டினி கிடக்க வேண்டாம். விலை உயர்ந்த உணவும் வேண்டாம். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு அல்லது ரொட்டி. கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன்.

இட்லி சாப்பிடலாம். எண்ணிக்கையைக் குறைத்து, காய் போட்ட சாம்பாரைக் கூட்டுங்கள். சில நாள் சோற்றுக்குப் பதில் கம்பு ரொட்டி, சோள ரொட்டி, கேழ்வரகுக் களி செய்யுங்கள். வடாபாவ், பஜ்ஜி, பிஸ்கட், குளிர்பானம் ஆகியவற்றைக் குறையுங்கள். டீயில் சர்க்கரையைக் குறையுங்கள்.

நடை நல்லது

வாரத்தில் 5 நாள், தினம் 30 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன் உள்ளது. செம்பூரில் டயமண்ட் கார்டன் உள்ளது. தாராவியின் சந்துகள் குறுகலானவை. அங்கே உள்ளவர்கள் பெரிய சாலைக்கு வந்து நடக்கலாம். தாயும் மகளும் சேர்ந்து போகலாம்.

70 கிலோ எடை உள்ள பெண் 4 கிலோ குறைத்தாலே பலன் தெரியலாம். பலருக்கு மாதவிலக்கு சீராகிறது.

டாக்டரிடம் எப்போது போவது?

மூன்று மாதம் மாதவிலக்கு வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். சயான் மாநகராட்சி மருத்துவமனை தாராவிக்குப் பக்கம்தான். அங்கே பெண்கள் நோய்ப் பிரிவு உள்ளது. தைராய்டு கோளாறாலும் மாதவிலக்கு தள்ளிப் போகும். அதனால் ரத்தப் பரிசோதனை தேவை. மருந்துக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரலாம். கருப்பையின் உள்தோல் தடித்துப் புற்றுநோயாக மாறும் ஆபத்தும் உண்டு.

குழந்தை பிறக்குமா? இந்தப் பயம்தான் பலரை வாய் மூட வைக்கிறது. இந்த நோய் உள்ள பெரும்பாலான பெண்கள் தாய் ஆகிறார்கள். சிலருக்குச் சிகிச்சை தேவைப்படும். அவ்வளவுதான்.

மகளிடம் கேளுங்கள். மாதவிலக்கு வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது அதைக் கொண்டு போங்கள்.