பூஞ்சணம் படிந்த பழைய வீட்டை இடிக்கும்போது

களம்பூரிலும் ஆரணியைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களிலும் மண்சுவரும் சுண்ணாம்புக் காரையும் நாட்டு ஓடும் கொண்ட பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, கான்கிரீட் வீடுகள் எழுந்துவருகின்றன. அவ்வீடுகளில் பலவற்றின் நடுக்கூடத்தில் குழித்தறி இருந்தது. வறண்ட காற்றில் பட்டு இழை எளிதில் அறுந்துவிடும். ஆகவே தறிக்கூடத்தில் காற்றோட்டத்தைக் குறைத்தே வைத்திருப்பர். நெசவுக்கு உகந்த அந்த ஈரம் பூஞ்சணத்துக்கும் உகந்ததே. வீடு சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, ஓடு நகர்ந்து, இரண்டு மூன்று ஐப்பசி கார்த்திகை மழை உள்ளே இறங்கிவிட்டால், சுவரெங்கும் கறுப்பும் பச்சையுமாகப் படலம் படர்ந்துவிடுகிறது.

சுவரோடு ஒட்டியிருக்கும் வரையில் அப்படலம் உடல்நலம் உள்ளவருக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. கடப்பாரை விழும்போதுதான் நிலைமை மாறுகிறது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த வித்துகள் ஒரே பகலில் காற்றில் எழுகின்றன. அவற்றுள் மருத்துவர்கள் பெரிதும் அஞ்சும் ஆஸ்பர்ஜில்லஸ் வகையின் வித்து 2 முதல் 3 மைக்ரான் அளவே உடையது. பெருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். இதுவோ நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை செல்லும்.

இங்கே ஓர் ஐயத்தை நீக்கிவிடலாம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கிய ‘கறுப்புப் பூஞ்சை’ வேறு. சுவரில் கறுப்பாகத் தெரியும் பூஞ்சணம் வேறு. அந்நோய்க்கு அப்பெயர் வந்தது, அது தாக்கிய தசை மடிந்து கறுத்துப்போவதால். சுவரின் நிறத்தைக் கொண்டு ஆபத்தின் அளவைக் கணிக்க இயலாது.

யாருக்கு ஆபத்து மிகுதி? ஆஸ்துமா உள்ளவருக்கு அன்றிரவே மூச்சிரைப்பு தொடங்கக்கூடும். காசநோய் முற்றிலும் குணமான ஒருவரின் நுரையீரலில் பழைய குழி எஞ்சியிருந்தால், அதற்குள் ஆஸ்பர்ஜில்லஸ் குடியேறிப் பந்துபோலத் திரளலாம். பல மாதங்களுக்குப் பின் சளியில் இரத்தம் வருவதே அதன் முதல் அறிகுறியாக இருப்பதும் உண்டு. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோர், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்போர் ஆகியோருக்கு இது உயிருக்கே கேடாகலாம். மருத்துவமனைகளில் கட்டட வேலை நடக்கும்போது நோயாளர் பகுதியைத் தடுப்பு அமைத்துப் பிரிப்பது இதன்பொருட்டே. கத்ரீனா புயலுக்குப் பின் பூஞ்சணம் மண்டிய வீடுகளைக் குறித்து அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2006இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்கள் அத்தகைய இடத்திற்கே செல்லலாகாது என்பது அதன் அறிவுரை. முகக்கவசம் அணிந்துகொண்டு போகலாமா என்று கேட்போருக்கு என் விடையும் அதுவே: போக வேண்டாம்.

நம் ஊர் வழக்கம் இதற்கு நேர் மாறானது. வீடு இடியும் நாளில் பெரியவர் எதிரே நாற்காலி போட்டு அமர்ந்து, நிலையும் கதவும் சேதமின்றி இறங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பார். தாம் பிறந்த வீடு என்ற பற்று. தேக்கு என்ன விலை விற்கிறது என்ற கணக்கும்தான். அவருடைய சட்டைப்பையில் இன்ஹேலர் இருக்குமாயின், அன்று அவரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சுவரை ஒட்டி அண்டை வீட்டில் நோயாளி இருந்தாலும் முன்னரே சொல்லிவிடுவது முறை.

இனி வேலை செய்வோரைப் பற்றி. அவர்களுக்கு முதல் ஆபத்து பூஞ்சணம் அன்று, சுவரே. 2021 நவம்பர் கனமழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து, குழந்தைகள் நால்வர் உட்பட ஒன்பது பேர் இறந்ததை இப்பகுதி மறந்திராது. நீர் ஊறிய மண்சுவருக்கு வலு இல்லை. ஆகவே இடிப்பு வேலையைத் தை பிறந்து சுவர் காய்ந்த பின்னரே வைத்துக்கொள்ள வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்து, ஓட்டையும் உத்தரத்தையும் இறக்கிவிட்டு, சுவரை மேலிருந்து கீழாகக் குறைத்துவர வேண்டும். அடியைப் பறித்துச் சாய்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆளையும் கொல்லும். காய்ந்த சுவரில் தூசி மிகும் என்பது மெய்யே. அதற்கு, இடிக்கவிருக்கும் பகுதியில் மட்டும் அவ்வப்போது மெல்லத் தண்ணீர் தெளித்தால் போதும். குழாயைத் திறந்துவிட்டு ஊறவைக்கலாகாது. பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்ற வேண்டும்.

தலைத்துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது இவ்வித்துகளைத் தடுக்காது. என்95 முகக்கவசமே தேவை. அடர்ந்த தாடி இருந்தால் அது முகத்தில் படிந்து பொருந்தாது. வியர்வையில் நனைந்தால் மாற்றியாக வேண்டும். எனவே ஆளுக்கு ஒன்றல்ல, நாளுக்கு இரண்டு மூன்று எனக் கணக்கிடுக. வீட்டுக்காரர் வாங்கித் தராவிட்டால் சித்தாள் தம் கூலியில் வாங்கமாட்டார். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, கையுறை, போகுமுன் கைகால் முகம் கழுவத் தண்ணீர், மாற்றிக்கொள்ள உடை ஆகியவையும் வேண்டும். அழுக்குத் துண்டை வீட்டுக்குள் உதறினால், வித்துகள் அவருடைய பிள்ளைகளிடம் போய்ச் சேரும்.

இடித்த பின்னும் ஆபத்து தீர்வதில்லை. மீட்ட பொருள்களோடு அது இடம் மாறுகிறது. கழற்றிய கதவும் சட்டமும் பெரும்பாலும் குடும்பம் தற்காலிகமாகத் தங்கும் வாடகை வீட்டின் திண்ணையில்தான் அடுக்கப்படுகின்றன. இரவில் பெரியவர் படுப்பதும் அங்கேதான். ஓடு, கருங்கல், இரும்பு ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் போதும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் எளிதில் பிரியும். அதைத் திறந்தவெளியிலேயே தட்டி எடுக்கலாம். தேக்கு நிலை, தறிமரம் போன்ற உறுதியான மரத்தைச் சோப்பு நீரில் தேய்த்து, காற்றோட்டமாக அடுக்கி நன்கு உலர்த்திய பின்பே வண்ணம் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசிய வண்ணத்துக்கு அடியில் பூஞ்சணம் வளரும். கத்தி எளிதில் இறங்குமளவு உளுத்த பனஞ்சட்டத்தை விட்டுவிடுங்கள். வீட்டு அடுப்பிலும் எரிக்க வேண்டாம். மெத்தை, தலையணை, கோரைப்பாய் ஆகியவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண். பட்டுப்புடவையை வெளியே நிழலில் விரித்து, உலர்ந்தபின் மென்தூரிகையால் துடைக்கலாம். ஜக்கார்டு அட்டைகள் பூத்திருந்தால், வடிவத்தைப் படி எடுத்துக்கொண்டு அட்டைகளைக் கழித்துவிடுவதே நன்று.

பிளீச்சிங் பவுடர் தெளித்தால் போதும் என்போர் பலர். செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையை உண்டாக்கும்; அதைத் தேய்த்து அகற்றுவதே வேலை. பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்.

வேலை முடிந்த சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல், மூச்சுத்திணறல் தோன்றி, ஓய்வு நாளில் தணிந்து, மீண்டும் வேலைக்குப் போனதும் திரும்பினால், அது சாதாரணச் சளிக்காய்ச்சல் அன்று. வித்துகளுக்கு எதிரான நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். மருத்துவரிடம் வரும்போது எந்த வீட்டில், எத்தனை நாள், எந்த வேலை செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். முன்னர் காசநோய்க்கு மருந்துண்டவராயின் அதையும் சொல்லி, பழைய எக்ஸ்ரே இருந்தால் உடன் எடுத்து வாருங்கள். சளியில் இரத்தம் கண்டால், அளவு சிறிதென்று காத்திராமல் அன்றே வந்துவிட வேண்டும்.