மன்னர் வரலாறும் காவிய உவமையும்

உப்பளங்கள் சூழ்ந்த கடற்கரை ஊர் மரக்காணம். சங்க காலத்தில் ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இப்பகுதியிலேயே இருந்தது என அறிஞர் கருதுவர். அம்மன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு நத்தத்தனார் இயற்றிய நூல், 269 அடிகளையுடைய சிறுபாணாற்றுப்படை.

பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழியில் கிடைக்கும் உணவுகளை இந்நூல் எடுத்துரைக்கிறது. எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன், வேலூரில் புளிச்சோறு, ஆமூரில் நண்டுக் கலவையுடன் வெண்சோறு என அவை நிலத்திற்கேற்ப மாறுகின்றன. ஆனால், அரண்மனை விருந்தைக் கூறும்போது புலவர் பாரதக் கதையின் துணையை நாடுகிறார். வீமன் இயற்றிய சமையல்நூலின் நெறி தவறாமல் சமைத்த உணவு அது என்கிறார். முன்னவை மக்கள் வாழ்வின் பதிவுகள்; பின்னது மன்னனின் பெருமையை அளந்துகாட்டும் உவமை.

இவ்வழக்கம் செப்பேடுகளிலும் தொடர்ந்தது. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு, குரங்குகளின் உதவியால் பாலம் கட்டி இலங்கை சென்ற இராமனைவிட, கப்பல்களில் கடல் கடந்து வென்ற இராசராசனின் படையே சிறந்தது என்கிறது. இராமனை விஞ்சியது என்பது புகழ்ச்சி. ஈழப் படையெடுப்போ உண்மை. பொலன்னறுவையில் இன்றும் நிற்கும் சோழர் காலச் சிவன் கோயில் அதற்குச் சான்று.

இது தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. பைசாந்தியப் பேரரசர் அலெக்சியசு (1081–1118) வரலாற்றை அவர் மகள் அன்னா கொம்னினா கிரேக்க மொழியில் எழுதினார். ஓமரின் இலியட்டை நினைவூட்டும் வகையில் அந்நூல் 'அலெக்சியட்' எனப் பெயர் பெற்றது. வரலாறு எழுதுவோர் நண்பரைக் கண்டிக்கவும் பகைவரைப் பாராட்டவும் தயங்கலாகாது என முன்னுரையில் கூறிய அவரே, தந்தையைக் காவியத் தலைவனாக உயர்த்திக் காட்டினார்.

காவிய மாந்தரை அனைவரும் அறிவர். ஆகவே, ஒரே உவமையால் மன்னனின் கொடையையும் வீரத்தையும் கேட்போர் மனத்தில் பதிக்க முடிந்தது. அவ்வுவமையை அப்படியே வரலாறாகக் கொள்வது பிழை. பொய்யென ஒதுக்குவதும் பிழை. மன்னன் எவ்வாறு போற்றப்பட விரும்பினான் என்பதற்கு உவமையே சான்று. அவன் செய்தது என்ன என்பதற்குக் கல்வெட்டு, அகழாய்வு, பிற நாட்டுக் குறிப்பு ஆகியவற்றின் துணை வேண்டும். பழைய நூல்களைப் பயிலும் மாணவர், இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகுதல் வேண்டும்.