ஓலையில் பெயர் இல்லாதவர்கள்

பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவில் சேரும் பிள்ளைகள் வரலாற்றையும் குடிமையியலையும் அத்தோடு மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். அப்போது வயது பதினைந்து, பதினாறு. இரண்டு மூன்று ஆண்டுகளில் வாக்காளர் அட்டை கைக்கு வந்துவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் வரலாறே படிக்கவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டு, முப்பது நொடி ரீல்ஸ், மேடைப் பேச்சு என்று நாள்தோறும் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பாடம் நடத்துபவர் யார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது மட்டும் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. இளைஞர்கள் ஏன் இந்த இரண்டையும் முறையாக, அதுவும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்கு நமக்கு மிகவும் பழக்கமான ஒரு கல்வெட்டே போதும்.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைச் சொல்பவை இவைதான். ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அவன் எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையை அகல நீட்டித்தான் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா! வந்தவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பதவி ஓராண்டுக்குத்தான். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் மண்ணில் ஜனநாயகம் என்று நாம் பெருமைப்படுவது இதை வைத்துத்தான்.

பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டைத் தொடர்ந்து படித்தால் குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதும் தெரியும். வரி கட்டும் நிலம், வேலி என்ற பழைய அளவில், கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி ஆகியவையும் வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரம்மதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட ஊர். சபை பிராமணர்களின் சபை. அதே ஊரில் உழுதவர்கள், ஏரிக்கரையில் மண் சுமந்தவர்கள், பெண்கள் யார் பெயரும் எந்த ஓலையிலும் ஏறவில்லை. வாரியத்துக்கு ஆள் வந்ததும் குலுக்கலில்தான். இன்றைய பொருளில் யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. அப்படியானால் அந்தக் கல்வெட்டு வெறும் வீண்பெருமைதானா? அப்படியும் இல்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு மறுபடி இடமில்லை என்கிறது அது. அவருக்கு மட்டுமா? சித்தி பெரியம்மா மக்கள், அத்தை மகன், மாமனார், மைத்துனர், மருமகன் என்று உறவுமுறை வரிசையையே அடுக்கி, அவர்களும் கூடாது என்கிறது. சொந்தக்காரர்களை முன்னால் நிறுத்திப் பின்னால் இருந்து ஆள்வதைப் பத்தாம் நூற்றாண்டிலேயே கண்டு பயந்திருக்கிறார்கள். கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதை எந்த ஃபார்வர்டிலும் காணோம்.

உள்ளே யார், வெளியே யார், கணக்கை யாரிடம் காட்ட வேண்டும் என்ற கேள்விகள் சோழர்களோடு முடிந்துவிடவில்லை. 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தபோதும் சொத்தும் வரியும் உள்ள சிலருக்குத்தான் ஓட்டு. பெண்களுக்கு அதன் பிறகு, 1921இல் கிடைத்தது. அப்போதும் சொத்துத் தகுதி விடவில்லை. நிலம், படிப்பு, சாதி, பால் எதுவும் பாராமல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்றது அரசியல் சாசனத்தின் 326ஆம் பிரிவு. அதன்படி 1951–52இல் முதல் பொதுத்தேர்தல் வந்தது. அப்போதும் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்திருந்தார்கள். அதைத் தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. வாக்களிக்கும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைந்தது 1989இல்தான். ‘ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது’ என்று விடுமுறையைக் கொண்டாடும் இருபது வயது இளைஞருக்கு இந்த வரிசை தெரிந்திருந்தால் அந்த அலட்சியம் அவ்வளவு எளிதாக வராது.

‘புத்தகத்தில் ஒன்று, ஊரில் ஒன்று, இதைப் படித்து என்ன பயன்?’ என்பது வலுவான ஆட்சேபம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பட்டியல் சாதியினருக்குத் தலைவர் பதவிகளை ஒதுக்கியது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலிலும் ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் 1996 முதல் பத்து ஆண்டுகள் அது ஏட்டளவில்தான் இருந்தது. மேலவளவில் அப்படி ஒதுக்கப்பட்ட பதவிக்கு வந்த ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாடப்புத்தகம் இதைச் சொல்லாமல் ‘உள்ளாட்சி என்பது மக்களாட்சியின் ஆணிவேர்’ என்று மட்டும் எழுதினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவதில் வியப்பில்லை. ஆனால் ஊரில் நடப்பது தவறு என்று அடித்துச் சொல்வதற்கு அளவுகோல் அந்தச் சட்டம்தான். அளவுகோல் இல்லாதவருக்கு அது ‘ஊர் வழக்கம்’ என்றே தோன்றும். அந்த நான்கு ஊர்களிலும் 2006இல் தேர்தல் நடந்தது. அரசும் அதிகாரிகளும் பேசிப் பேசி அதை நடத்த முடிந்ததற்குச் சட்டத்தின் அந்த வரி அழியாமல் இருந்ததும் காரணம்.

‘வரலாறு படித்தால் வேலை கிடைக்குமா?’ என்று கேட்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. டிஎன்பிஎஸ்சி தேர்வில் வரலாறும் அரசியலமைப்பும் கேட்கிறார்களே என்று பதில் சொல்லலாம். ஆனால் அது அரைகுறைப் பதில். தேர்வுக்காக மன்னர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்தவர் மறுமாதமே மறந்துவிடுகிறார். பொறியாளரோ செவிலியரோ ஓட்டுநரோ, வேலை எதுவானாலும் வரி கட்டுகிறார், ரேஷன் அட்டை வைத்திருக்கிறார், ஓட்டுப் போடுகிறார். இவையெல்லாம் அவருக்கு எப்படி வந்தன என்று தெரிந்துகொள்வது வேலைக்கான தகுதி அல்ல என்றே வைத்துக்கொள்வோம். ஏமாறாமல் இருப்பதற்கான தகுதி. ‘எல்லாம் கூகுளில் இருக்கிறதே’ என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்ன தேட வேண்டும் என்று தெரியாதவருக்குக் கூகுள் அவர் நம்ப விரும்புவதையே கொண்டுவந்து கொடுக்கும்.

வரலாறு சண்டையைக் கிளப்பிவிடும் என்ற அச்சமும் உண்டு. ஆண்ட பரம்பரைக் கதைகள் நம் ஊர்களில் எத்தனை மோதல்களை மூட்டியிருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் அப்படி அஞ்சுவது நியாயம்தான். ஆனால் அந்தக் கதைகள் பாதி வரலாற்றில் பிறக்கின்றன. கல்வெட்டு யாருக்காக வெட்டப்பட்டது, அதில் யார் பெயர் இல்லை என்று கேட்கப் பழகிய மாணவரிடம் அவை அவ்வளவாக எடுபடாது. அதைக் கேட்கத் தூண்டும் ஆசிரியர்தான் இன்றைய வகுப்பறைக்குத் தேவை.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் கிராம சபை உறுப்பினர். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், பதினெட்டு வயது போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை அங்கே வைத்தாக வேண்டும். கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளே, அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள், புரியாததைக் கேளுங்கள்.