போன வருஷம் போட்ட ஊசி இந்த வருஷம் ஏன் காணாது?

சின்னமுத்துக்கு இரண்டு தரம் ஊசி போட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போதும். புளூ காய்ச்சலுக்கு மட்டும் ஏன் வருஷா வருஷம் போடச் சொல்கிறார்கள்?

எங்கள் உடம்பு வைரசை அதன் மேற்பரப்பில் உள்ள புரதங்களை வைத்தே அடையாளம் காணும். புளூ வைரஸ் பெருகும்போது தன்னைப் பிழையாகப் பிரதி எடுப்பதால் அந்தப் புரதங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். பழைய எதிர்ப்புச் சக்திக்கு அது சரியாகப் பிடிபடாது. சின்னமுத்து வைரஸ் அப்படி மாறித் தப்புவது கடினம். அதனால்தான் புளூ ஊசியை வருஷந்தோறும் புதுப்பிக்கிறார்கள்.

இங்கிலாந்தில் கர்ப்பிணிகள், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், நீரிழிவு போன்ற நீண்டகால வருத்தம் உள்ளவர்களுக்கு இது இலவசம். உங்கள் அகதி விண்ணப்பம் முடிவாகாவிட்டாலும் குடும்ப வைத்தியரிடம் காசில்லாமல் பதியலாம். விசாப் பத்திரம் காட்டவேண்டியதில்லை. பயப்படாமல் போய்க் கேளுங்கள்.