நாத்தானின் ஆட்டுக்குட்டியும் நம் தாமிரபரணியும்



இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசரிடம் எடுத்த எடுப்பிலேயே குற்றம் சாட்டவில்லை. ஒரு கதைதான் சொன்னார். ஏழை ஒருவனிடம் இருந்த ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பறித்துத் தன் விருந்தினருக்குச் சமைத்தான் என்பது கதை. தாவீது கொதித்தெழுந்தார். அந்தச் செல்வன் அவரேதான் என்று நாத்தான் சொன்ன பிறகே, தம் பாவம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது (2 சாமு 12).

சுற்றுச்சூழல் அழிவைக் கருப்பொருளாகக் கொண்டு இன்று உருவாகும் கலைப்படைப்புகளும் இதே பணியைத்தான் செய்கின்றன. 2015 டிசம்பரில் பாரிஸ் நகரில் உலகக் காலநிலை மாநாடு நடந்தது. அப்போது ஓலாஃபுர் எலியாசன் என்ற கலைஞரும் மினிக் ரோசிங் என்ற புவியியல் அறிஞரும், கிரீன்லாந்துக் கடலில் உடைந்து மிதந்த 12 பெரும் பனிப்பாளங்களைக் கொண்டுவந்து, ஒரு சதுக்கத்தில் கடிகார வடிவில் வைத்தனர். மக்கள் தொட்டுப் பார்த்தார்கள், பனி உருகியது. பனிமலைகள் கரைகின்றன என்று செய்தித்தாளில் படிப்பது வேறு. நம் உள்ளங்கைச் சூட்டிலேயே அது கரைவதை உணர்வது வேறு. அந்தப் பனியைக் கொண்டுவந்ததால் ஏற்பட்ட கரிமாசையும் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதுவும் ஓர் ஆன்ம ஆய்வுதான்.

நம் மாநிலத்திலும் இத்தகைய முயற்சி நடந்தது. 2018இல் சென்னையில் ஆறுகளைப் பற்றிய கலைக் கண்காட்சி ஒன்றை ஜெர்மன் பண்பாட்டு மையம் நடத்தியது. கூவம் கரையில் வைக்க எண்ணிய படைப்புகள், கடைசியில் லலித் கலா அகாதெமி வளாகத்தில்தான் வைக்கப்பட்டன. ஆற்றைப் பற்றிய கலைக்கு ஆற்றங்கரையில் இடமில்லாமல் போனது.

ஆனால் கண்காட்சியைத் தேடி நாம் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் பெய்த பெருமழையில் ஸ்ரீவைகுண்டம் தத்தளித்தது. நம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கித் தவித்ததை நாடே பார்த்தது. வெள்ளம் வடிந்தபின் கரையோர முட்புதர்களைப் பார்த்தோம். கிளைக்குக் கிளை பாலித்தீன் பைகள், பழந்துணிகள், பிளெக்ஸ் கிழிசல்கள். யாரும் தீட்டாத ஓவியம் அது. ஆறே வைத்த கண்காட்சி.

அதைப் பார்த்ததும் ஆலைகளையும் அதிகாரிகளையும் நோக்கி நம் விரல் நீண்டது. அவர்களுக்கும் பொறுப்பு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தாவீதின் கோபமும் அப்படித்தானே தொடங்கியது! நம் திருவிழா அசனத்தில் தண்ணீர் குடித்த பிளாஸ்டிக் தம்ளர்கள் எங்கே போயின? பங்குத்தந்தையின் படத்தோடு நாம் கட்டிய வரவேற்புப் பதாகைகள் எங்கே போயின?

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு நம் ஊரில்தான் இருக்கிறது. இதைத் தாண்டிச் செல்லும் நீர் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. நாம் ஆற்றில் எறிவது அங்கே நம் மீனவச் சகோதரரின் வலையை எட்டும். அந்த வலைதான் அவருடைய ஒரே ஆட்டுக்குட்டி.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், இப்பூமியை நம் பொது இல்லம் என்றார். இல்லத்தில் குப்பை போட்டவர் யார் என்று கேட்கும்போது, வாசலைப் பார்க்காமல் முதலில் நம் கைகளைப் பார்ப்போம். வரும் திருவிழா அசனத்தை வாழை இலையோடும் எவர்சில்வர் தம்ளரோடும் நடத்துவோம். தாவீதைப் போல் நாமும் பாவத்தை ஏற்றுக்கொண்டால், மன்னிக்கும் இறைவன் நம் ஆற்றையும் நம்மையும் புதுப்பிப்பாராக!